மண்ணீரலில் ஒரு புள்ளி

ஆயக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் ஓர் ஆடி மாதக் காலையில் என் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். உடன் அவருடைய மகன். கொய்யாத் தோட்டம் வைத்திருப்பவர்கள். வலப்பக்க விலாவில் விட்டுவிட்டு வந்த வலிக்காக வெளியே ஒரு நிலையத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். வலது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருந்தது. வலிக்குக் காரணம் அதுவே. ஆனால் அவர்கள் என்னிடம் வந்தது கல்லுக்காக அன்று. அறிக்கையின் இறுதியில் இன்னொரு வரி இருந்தது. மண்ணீரலில் 2.3 செ.மீ. அளவில் ஒரு ‘எஸ்.ஓ.எல்.’ காணப்படுகிறது, மேற்பரிசோதனை தேவை என்று அந்த வரி சொன்னது.

அந்த மூன்று எழுத்துகளை மகன் இரவு முழுவதும் கைப்பேசியில் தேடியிருக்கிறார். மறுநாள் காலை அம்மாவின் சங்கிலியும் வளையல்களும் அடகுக் கடைக்குச் சென்றுவிட்டன. கோயம்புத்தூரில் அறுவைச் சிகிச்சைக்கு நாளும் விசாரித்து வைத்திருந்தார்கள். அம்மையார் என் எதிரே அமர்ந்து, மகன் பேசத் தொடங்குமுன் தாமே கேட்டார்: “கட்டின்னா அது கேன்சர்தானுங்களே ஐயா? பையன் சொல்லமாட்டேங்கறான். நீங்களாச்சும் மறைக்காமச் சொல்லிப்போடுங்க.”

இந்தக் கேள்வியை ஏறத்தாழ இதே சொற்களில் பலரிடமும் கேட்டிருக்கிறேன். பத்து நிமிடப் புறநோயாளி நேரத்தில் இதற்கு முழுமையாக விடை கூற இயல்வதில்லை. ஆதலால் இவ்விதழின் வாயிலாக எழுதுகிறேன்.

முதலில் அந்த எழுத்துகளைப் பற்றி. ‘எஸ்.ஓ.எல்.’ என்பது ‘ஸ்பேஸ் ஆக்குப்பையிங் லீஷன்’ என்பதன் சுருக்கம். ‘இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒன்று’ என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அது நீர்க்கட்டியாக இருக்கலாம், இரத்தக்குழாய்களின் முடிச்சாக இருக்கலாம், பழைய காயத்தின் தழும்பாகவும் இருக்கலாம். அஃது இன்னதென்று ஸ்கேன் செய்த மருத்துவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதை மட்டுமே அச்சொல் தெரிவிக்கிறது. அதைப் புற்றுநோய் என்று படிப்பது, தபால்காரர் கொண்டுவரும் தந்தியெல்லாம் சாவுச் செய்தியே என்று அக்காலத்தில் நம் பாட்டிமார் அழுததைப் போன்றது.

சுவரொட்டி

மண்ணீரல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் வலப்பக்கம் கை வைப்பார்கள். அது கல்லீரலின் இடம். மண்ணீரல் இடப்புறம், வயிற்றின் மேற்பகுதியில், ஒன்பதாவது விலா எலும்பு முதல் பதினோராவது விலா எலும்பு வரையிலான கூண்டுக்குள், இரைப்பைக்குப் பின்னே ஒதுங்கியிருக்கும். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 150 கிராம் எடை. நீளம் 12 செ.மீ. அளவு. இயல்பான மண்ணீரல் கைக்கு அகப்படாது. விலாவுக்குக் கீழே தொட்டு உணர முடிகிறதென்றால் பெரும்பாலும் அது வீங்கியிருக்கிறது என்று பொருள்.

ஆட்டிறைச்சிக் கடையில் ‘சுவரொட்டி’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் ஆட்டின் மண்ணீரல். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் அப்பெயர் என்பார்கள். இரத்தச் சோகை உள்ளவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் நம் வீடுகளில் அதைச் சமைத்துக் கொடுப்பதில் நியாயம் உண்டு. அவ்வுறுப்பு முழுவதும் இரத்தமே. இரும்புச் சத்து மிகுதி. நம் உடலிலும் அப்படித்தான். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்ந்து மூப்படைந்ததும் மண்ணீரல் அவற்றை வடிகட்டிப் பிரித்து, இரும்பை மீட்டெடுத்துத் திருப்பி அனுப்புகிறது. தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் இருப்பு வைத்திருக்கிறது. இரத்தத்தில் கலந்து வரும் கிருமிகளைப் பிடித்து அழிக்கும் காவற்பணியும் அதற்குண்டு. இந்தக் காவற்பணியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இரத்தம் நிறைந்த இவ்வுறுப்பைப் பார்ப்பது ஒரு காலத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1903-ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன், நீங்காத காய்ச்சலும் பெருத்த மண்ணீரலும் கொண்ட நோயாளிகளைக் கண்டார். மண்ணீரலுக்குள் என்ன இருக்கிறதென்று அறிய அவருக்கிருந்த வழிகள் இரண்டே. இறந்த பின் அறுத்துப் பார்க்கலாம். அல்லது உயிரோடிருப்பவரின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைக்கலாம். அவ்வாறு பார்த்தபோது காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மனும் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்ததால், அவ்வுயிரிக்கு இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனோவானி என்று பெயரிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்தப்பட்ட அந்த ஊசிகளால் இரத்தம் கசிந்து உயிர் நீத்தவர்களும் அக்காலத்தில் உண்டு. இன்று நாம் தோலைக் கூடக் கீறாமல் உள்ளே பார்க்கிறோம். அதன் விளைவாக, முன்பு யாருக்கும் தெரியாமலே இருந்து, யாருக்கும் தீங்கு செய்யாமலே போயிருக்கும் புள்ளிகளும் இப்போது கண்ணில் படுகின்றன.

புள்ளிகளின் வகைகள்

மண்ணீரலில் தற்செயலாகக் காணப்படும் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. வேறு எந்தத் தொல்லையும் இல்லாத, முன்பு புற்றுநோய் வராத ஒருவரிடம் இது இன்னும் உறுதி.

நீர்க்கட்டிதான் மிக எளிது. ஸ்கேனில் கரிய வட்டமாக, மென்மையான ஓரத்துடன், உள்ளே எதுவும் இன்றித் தெரியும். பலருக்கு இது பல ஆண்டுகளுக்கு முன் பட்ட அடியின் மிச்சம். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், இரு சக்கர வண்டியிலிருந்து சறுக்கியவர் எனக் கேட்டுப் பார்த்தால் ஒரு பழைய கதை வெளிவரும். உள்ளே கசிந்த இரத்தம் கரைந்து நீராகி நின்றுவிட்டிருக்கும். நாய், ஆடுகளோடு புழங்கும் குடும்பங்களில் நாடாப்புழு வகையால் வரும் நீர்க்கட்டியும் அரிதாக உண்டு; அதன் சுவர் தடித்தோ, உள்ளே சிறு குட்டிக் கட்டிகளோடோ இருக்கும் என்பதால் வேறுபடுத்த முடிகிறது.

தீங்கற்ற திடக்கட்டிகளில் அடிக்கடி காண்பது ஹீமாஞ்சியோமா. மெல்லிய இரத்தக்குழாய்கள் ஓரிடத்தில் சுருண்டு பஞ்சுபோல் ஆனதுதான் அது. சிலருக்குப் பிறவியிலேயே முகத்தில் செம்மச்சம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு உள்ளுறுப்பிலுள்ள உறவினர் என்று நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. அல்ட்ராசவுண்டில் இது பெரும்பாலும் வெண்மையாகத் தெரியும். ‘ஹைப்பர்எகோயிக்’ என்று அறிக்கை சொல்வது அதைத்தான். எம்.ஆர்.ஐ. படத்தில் நீரை வெண்மையாகக் காட்டும் வரிசையில் இதுவும் பளிச்சென்று வெண்மையாகும். கல்லீரலில் வரும் ஹீமாஞ்சியோமா, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக நிரம்பும். அதைக் கண்டே அடையாளம் சொல்லிவிடலாம். மண்ணீரலில் அந்த ஒழுங்கு எப்போதும் வருவதில்லை. ‘அனேகமாக ஹீமாஞ்சியோமா’ என்று கதிரியல் மருத்துவர் எழுதுவது அதனால்தான். அந்த ‘அனேகமாக’ என்ற சொல் எத்தனை வீடுகளில் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் அதை எழுதாமல் விட்டாலும் தவறு.

ஹமார்ட்டோமா என்பது இன்னொரு வகை. வியன்னாவின் நோய்க்கூற்றியல் அறிஞர் ரொக்கிட்டான்ஸ்கி 1861-இலேயே இதை விவரித்திருக்கிறார். இதில் அயலான திசு எதுவும் கிடையாது. மண்ணீரலின் திசுவே, ஒழுங்கு மாறி, ஓர் உருண்டையாகக் கட்டப்பட்டிருக்கும். ஒரே செங்கல், ஒரே சுண்ணாம்பு. கொத்தனார் மட்டும் நூல் பிடிக்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.யில் இது சுற்றியுள்ள மண்ணீரலோடு கலந்து மறைந்தே போகும். ஓரம் சற்றுப் புடைத்திருப்பது மட்டுமே தடயம். மருந்து செலுத்தியதும் தொடக்கத்தில் திட்டுத்திட்டாகவும் சில நிமிடங்களில் சீராகவும் நிறம் ஏறும்.

நிணநீர்க்குழாய்களாலான லிம்பாஞ்சியோமா சிறுவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. தேன்கூடு போன்ற மெல்லிய அறைகள் கொண்டது. மண்ணீரலில் மட்டுமே தோன்றும் லிட்டோரல் செல் ஆஞ்சியோமா 1991-இல்தான் தனி நோயாக அறியப்பட்டது. ‘சான்ட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மற்றொரு கட்டி 2004-இல் அப்பெயர் பெற்றது. கான்ட்ராஸ்ட் செலுத்திய படத்தில் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல் கோடுகள் தெரிவது அதன் அழகு. இவை மிக அரியவை. அறிக்கையில் இப்பெயர்களுள் ஒன்று இருந்தால், மருத்துவர் எல்லா வாய்ப்புகளையும் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்று கொள்க.

கட்டியே அல்லாதவையும் கட்டிபோல் காட்சி தரும். பத்தில் ஒருவருக்கேனும் மண்ணீரலின் அருகே கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டி மண்ணீரல் பிறவியிலேயே இருக்கும். அது நோயன்று. இன்னொன்று, இளம் மருத்துவர்களையே ஏமாற்றுவது: சி.டி.யில் மருந்து செலுத்திய அரை நிமிடத்தில் எடுக்கும் படத்தில் இயல்பான மண்ணீரல் வரிக்குதிரையைப் போல் பட்டை பட்டையாகத் தெரியும். உள்ளே இரத்தம் சில வழிகளில் விரைவாகவும் சில வழிகளில் மெதுவாகவும் ஓடுவதே காரணம். எழுபது விநாடி கழித்து எடுக்கும் படத்தில் பட்டைகள் மறைந்து சீராகிவிடும். முதற்படத்தை மட்டும் பார்த்தவர் ‘பல கட்டிகள்’ என்று சொல்லிவிடக் கூடும்.

எந்த ஸ்கேன், எதற்காக

“மூன்று ஸ்கேனும் எடுத்துட்டா சந்தேகமே வராதுங்களே?” என்று கேட்பவர்கள் பலர். ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கிறது; கேள்வி இல்லாமல் எடுத்த ஸ்கேன் புதிய குழப்பத்தைத்தான் கொண்டுவரும்.

அல்ட்ராசவுண்ட் ஒலியலைகளால் பார்ப்பது. கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, மீண்டும் மீண்டும் எடுக்கலாம். நீரா, திடப்பொருளா என்பதை நன்றாகப் பிரித்துக் காட்டும். டாப்ளர் முறையில் உள்ளே இரத்தவோட்டம் உண்டா என்பதும் தெரியும். ஆனால் மண்ணீரல் விலாக்கூண்டுக்குள் ஒளிந்திருப்பதாலும், குடலில் காற்று இருந்தால் ஒலி ஊடுருவாது என்பதாலும் சில மூலைகள் மறைந்துவிடும். ‘ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று சொல்வது அதற்காகவே. கிருத்திகை விரதம் இருந்து வருபவர்களை ஸ்கேன் அறையில் சிறப்பாக வரவேற்போம்.

சி.டி. ஸ்கேன் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு உடலைத் துண்டு துண்டாகக் கணித்துக் காட்டுவது. 1971 அக்டோபரில் இலண்டனில் முதல் நோயாளிக்கு இது எடுக்கப்பட்டது. அதைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டும், கணிதத்தை வகுத்த கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையைக் கட்டியெழுப்பிய ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அதே 1971-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உள்ளுருவத்தை விரைவாகக் கட்டியெழுப்பும் கணக்குமுறை அதில் இருந்தது. அம்முறையின் வழிவந்த கணக்கையே பின்னாளில் உலகெங்கும் சி.டி. எந்திரங்கள் கையாண்டன. நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஸ்கேன் அறையில் படுத்திருக்கும்போது, உங்களைச் சுற்றும் வளையத்துக்குள் அவருடைய கணக்கும் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

சி.டி.யில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு கழித்தல் 100 அளவில். மருந்து செலுத்தாத மண்ணீரல் 40 முதல் 60 வரை. மண்ணீரலில் உள்ள புள்ளி 20-க்குக் கீழே எண் காட்டி, ஓரம் மென்மையாக இருந்து, கான்ட்ராஸ்ட் மருந்தையும் ஏற்காவிட்டால், அது எளிய நீர்க்கட்டி. மேலும் எதுவும் செய்ய வேண்டுவதில்லை. கான்ட்ராஸ்ட் என்பது அயோடின் கலந்த ஊசிமருந்து. உள்ளே செல்லும்போது தொண்டையிலும் அடிவயிற்றிலும் ஒரு வெப்பம் பரவும். சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று கூடத் தோன்றும். அது சில விநாடிகளில் அடங்கும். முன்பு இம்மருந்தால் உடலில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறுநீரகத்தின் நிலையை அறிய முதலில் கிரியாட்டினின் சோதனை செய்கிறோம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உட்கொள்பவர்கள், சிறுநீரகச் செயல்திறன் மிகக் குறைந்திருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். நீங்களாகவே நிறுத்த வேண்டா. தைப்பூசக் காலத்தில் நாள்கணக்காக நடந்துவந்து, தண்ணீர் வற்றிய உடலோடு படுத்தவர்களுக்கு, அவசரம் இல்லையெனில் கான்ட்ராஸ்ட் ஸ்கேனை இரண்டு நாள் தள்ளிவைப்பது என் வழக்கம்.

வயிற்றுக்கான ஒரு சி.டி.யின் கதிர்வீச்சு, இயற்கையாகவே நாம் சில ஆண்டுகளில் பெறும் அளவுக்கு நிகரானது. தேவைக்கு ஒருமுறை எடுப்பதில் அஞ்ச ஏதுமில்லை. ‘எதற்கும் பார்த்துவிடுவோம்’ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லை. காந்தப்புலமும் வானொலி அலைகளும் மட்டுமே. மண்ணீரலின் ஐயமான புள்ளிகளுக்கு நான் பெரிதும் நம்புவது இதையே. இருபது முதல் நாற்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும், ‘மூச்சை இழுங்க, நிறுத்துங்க’ என்ற குரலுக்கு ஒத்துழைக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதினுள் கருவி முதலியவை இருந்தால் முன்னரே சொல்லுங்கள். தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாக்களுக்கு ஒரு சொல்: தங்கத்தைக் காந்தம் பிடித்து இழுப்பதில்லை, அத்தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கிறீர்களே நான்கைந்து ஊக்குகள், அவற்றை இழுக்கும். இருப்பினும் எந்த உலோகமும் சூடேறலாம், படத்தையும் கெடுக்கலாம். ஆகையால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு மஞ்சள் கயிற்றோடு உள்ளே செல்லலாம். எங்கள் செவிலியர் அதையும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பெட் சி.டி. என்பது சர்க்கரையை மிகுதியாக உண்ணும் செல்களை ஒளிரச் செய்து காட்டுவது. புற்றுநோய் முன்பே இருந்தவர்களுக்கு இது உதவும். மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காசநோயும் அதே போல் ஒளிரும். நம் நாட்டில் பெட் ஸ்கேனில் ஒளிர்ந்ததெல்லாம் புற்று என்று கொள்ளக் கூடாது.

மஞ்சள் பை

ஆயக்குடி அம்மையாரிடம் நான் கேட்ட முதற்கேள்வி, “இதற்கு முன் எப்போதாவது வயிற்று ஸ்கேன் எடுத்ததுண்டா அம்மா?” என்பது. “கர்ப்பப்பை எடுத்தப்ப எடுத்தாங்க. எட்டு வருசம் இருக்குமுங்க. அதெல்லாம் எங்கிட்டுக் கெடக்கோ” என்றார். வீட்டில் தேடிப் பார்த்து எடுத்துவரச் சொன்னேன். வேறு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. மகனுக்கு அது பிடிக்கவில்லை. நான் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாக அவர் முகம் சொன்னது.

நான் அப்படிக் கேட்டதற்கு என் பழைய தவறு ஒன்று காரணம். பணியின் தொடக்க ஆண்டுகளில், ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரை இதே போன்ற ஒரு புள்ளிக்காக நானே பெருநகருக்கு அனுப்பினேன். சி.டி., எம்.ஆர்.ஐ., இறுதியில் ஊசித் திசு ஆய்வு எனச் சென்றது. ஊசிக்குப் பின் உள்ளே இரத்தம் கசிந்து மூன்று நாள் அவர் தீவிர சிகிச்சையில் இருக்க நேர்ந்தது. நலமாகத் திரும்பினார். திரும்பிய பின், பீரோவில் இருந்ததாகச் சொல்லி ஒரு பழைய ஸ்கேன் படத்தை என்னிடம் நீட்டினார். ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. அதே இடத்தில், அதே அளவில், அதே புள்ளி. நான் கேட்காததால் அவர் காட்டவில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் அம்மையார் கல்யாண வீட்டுத் தாம்பூல மஞ்சள் பை ஒன்றோடு வந்தார். ரேஷன் அட்டை நகல், பட்டா, மகளின் மதிப்பெண் பட்டியல், எல்லாவற்றுக்கும் அடியில் எட்டாண்டுப் பழைய அல்ட்ராசவுண்ட் அறிக்கை. கர்ப்பப்பையைப் பற்றிப் பத்து வரிகள். நடுவே ஒரு வரி: மண்ணீரலில் 2.1 செ.மீ. அளவில் வெண்ணிறப் புள்ளி, ஹீமாஞ்சியோமா ஆகலாம். அந்த வரியை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. 2.1-க்கும் 2.3-க்கும் உள்ள வேறுபாடு, கருவியை யார் எந்தக் கோணத்தில் பிடித்தார் என்பதிலேயே வந்துவிடும். எட்டாண்டில் வளராத ஒன்று, இனித் திடீரென்று புற்றாகத் தன் வேலையைக் காட்டுவது மிக மிக அரிது.

அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் குழு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையொட்டியே அமைந்தது. படத்தில் தெளிவாகத் தீங்கற்றதாகத் தெரிந்தால் தொடர்கண்காணிப்பு வேண்டா. ஐயமாக இருந்தாலும், பழைய படத்தோடு ஒப்பிட்டு ஓராண்டு மாறாமல் இருந்தால் போதும். பழைய படம் இல்லை, தொல்லையும் இல்லை என்றால் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மீண்டும் எம்.ஆர்.ஐ. முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கும், காய்ச்சல், இடப்பக்க வலி போன்றவை உள்ளவர்களுக்கும் வழி வேறு.

எப்போது கவலைப்பட வேண்டும்

எல்லாப் புள்ளியும் தீங்கற்றது என்று நான் சொல்லிவிட்டால் அதுவும் பிழையாகும். மாலை நேரக் காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, காரணமின்றி எடை குறைதல், கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி, இடப்பக்க விலாவில் நீங்காத வலி, சிறிது உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு ஆகியவற்றோடு வரும் புள்ளியை நாங்கள் வேறு கண்ணோடு பார்க்கிறோம். பல சிறு கரும்புள்ளிகள் தூவியது போல் இருந்தால் காசநோயும் நிணநீர்ப் புற்றான லிம்போமாவும் முதலில் நினைவுக்கு வரும். காசநோய் முழுமையாகக் குணமாகக் கூடியது. லிம்போமாவிலும் பல வகைகளுக்கு நல்ல மருத்துவம் உண்டு. சீழ்க்கட்டி குளிர்காய்ச்சலோடு வரும். மார்பகம், நுரையீரல், சூலகம், தோல் ஆகியவற்றில் புற்று இருந்தவர்களுக்கு மண்ணீரலுக்கு அது பரவக்கூடும். மதுவால் கல்லீரல் சுருங்கியவர்களின் மண்ணீரலில் இரும்புத் துகள் படிந்த பல நுண்புள்ளிகள் எம்.ஆர்.ஐ.யில் தெரியும், அங்கே கவலைப்பட வேண்டியது புள்ளிகளைப் பற்றியன்று, கல்லீரலைப் பற்றி.

படங்களால் முடிவுக்கு வர இயலாதபோது திசு ஆய்வு வேண்டியிருக்கும். டோனோவன் காலத்து ஊசியன்று இது. ஸ்கேனில் பார்த்தபடியே, மெல்லிய ஊசியால், இரத்தம் உறையும் தன்மையைச் சோதித்த பின், பழகிய கைகள் செய்வது. பெரும்பாலோர்க்கு இடரின்றி முடியும். ஆனாலும் இரத்தம் நிறைந்த உறுப்பில் ஊசி இறங்குகிறது என்பதை மறந்து, ‘எதற்கும் ஒரு பயாப்சி’ என்று கேட்க வேண்டா.

அறுவைச் சிகிச்சை எவருக்கு? கட்டி மிகப் பெரிதாகி வெடிக்கும் அச்சம் இருந்தால், தொடர்ந்து வளர்ந்தால், வலி தாங்க இயலாவிட்டால், பெரிய இரத்தக்குழாய்க் கட்டி தட்டணுக்களை விழுங்கி இரத்தக்கசிவை உண்டாக்கினால். அப்போதும், இயலுமாயின் மண்ணீரலின் ஒரு பகுதியை மட்டும் நீக்கி மீதியைக் காப்பாற்ற முயல்கிறார்கள்.

அதற்குக் காரணம் முன்பு சொன்ன காவற்பணி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி உத்திரக் கூட்டத்தில், பாதயாத்திரையாக வந்த நாற்பது வயதுக்காரர் ஒருவரைக் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். காலையில் நடுக்கம், மாலைக்குள் இரத்த அழுத்தம் இறங்கி, விரல்கள் கறுத்துவிட்டன. வயிற்றில் இடப்பக்கம் பழைய தையல் தழும்பு. வெளியூரில் ஒரு மருத்துவமனையில் மண்ணீரலில் இருந்த சிறு கட்டிக்காக மண்ணீரல் முழுவதையும் நீக்கியிருந்தார்கள். தீங்கற்ற ஹீமாஞ்சியோமா என்று அறிக்கை இருந்தது. தடுப்பூசி எதுவும் போடவில்லை. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. நிமோனியாக் கிருமி இரத்தத்தில் தடையின்றிப் பெருகியிருந்தது. பதினொரு நாள் தீவிர சிகிச்சைக்குப் பின் உயிர் தப்பினார். கால்விரல் இரண்டை இழந்தார். வெள்ளாமைக்காரர், செருப்பில்லாமல் வயலில் இறங்க இப்போது முடிவதில்லை.

ஆகவே, மண்ணீரல் நீக்கியவர் எவராயினும் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிமோனியா, மூளைக்காய்ச்சல், ஹிப் ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகள் கட்டாயம். திட்டமிட்ட அறுவை எனில் இரண்டு வாரங்களுக்கு முன்பே போட வேண்டும், முன்பே போடாதவர்களுக்கு இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி. எத்தனை ஆண்டுகள் ஆயினும், குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாய் கடித்தால் வெறிநோய் ஊசியோடு, மண்ணீரல் இல்லை என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனி மருந்து தேவைப்படும். ‘எனக்கு மண்ணீரல் இல்லை’ என்று எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது. அவ்வட்டையை எங்கள் மருந்தகச் சாளரத்தில் இலவசமாகத் தருகிறோம்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதைக் கொண்டு வந்து, உங்களுக்கு எழுதப்பட்ட பரிசோதனை அதில் அடங்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களிலும் குறைந்த கட்டணத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எங்கே எடுத்தாலும் அறிக்கைத் தாளோடு படங்களையும், குறுந்தகடு கொடுத்தால் அதையும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை என்பது ஒருவர் பார்த்ததன் சுருக்கம். படத்தை வைத்து இன்னொருவர் மீண்டும் பார்க்க முடியும். அறிக்கையின் அடியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று எழுதியிருப்பார்களே, உங்களை நேரில் பார்த்த மருத்துவர் இதைச் சேர்த்துவைத்து முடிவு செய்யட்டும் என்பதே அதன் பொருள். அதைக் கண்டும் பலர் நடுங்குகிறார்கள்.

அம்மையாருக்குச் சிறுநீரகக் கல் தண்ணீர் மிகுதியாகக் குடித்ததில் தானே இறங்கிவிட்டது. மண்ணீரலுக்கு எந்த மருந்தும் எழுதவில்லை. ஓராண்டு கழித்து ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்தோம், 2.2 செ.மீ. “கொறஞ்சிருக்குங்களா?” என்று மகிழ்ந்தார். அப்படியே இருக்கிறது என்றேன். வளையல்கள் மீண்டும் கையில் இருந்தன. சங்கிலியை மீட்க வட்டி இன்னும் கொஞ்சம் பாக்கி என்று மகன் சொன்னார். மஞ்சள் பையில் புதிய அறிக்கையைப் பட்டாவுக்கு மேலே வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.